தொடக்கநிலைக் கருப்பை அகப்படலப் புற்றுநோய்: முன்கணிப்புக் காரணிகளின் வரலாறும் தென்சென்னைப் புறநகரும்

ஆய்வுச் சுருக்கம்

கருப்பை அகப்படலப் புற்றுநோய் தொடக்கநிலையிலேயே கண்டறியப்படும் வாய்ப்பு மிகுதியாக உள்ள புற்றுநோய்களுள் ஒன்று. ஆயினும் 'தொடக்கநிலை' என்பதற்கான வரையறை 1971 முதல் 2023 வரை நான்கு முறை வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வரையறையும் நோயின் போக்கை முன்னறிவிக்கும் காரணிகள் எவை என்பது பற்றிய புரிதலை மாற்றியது. சிகிச்சையின் அளவையும் மாற்றியது. இவ்வரலாற்றை அடையாறு புற்றுநோய் நிறுவனம், சென்னைப் புற்றுநோய்ப் பதிவகம், தாம்பரம் உள்ளிட்ட தென்புறநகர் ஆகியவற்றின் வரலாற்றோடு இணைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். நோயின் பெயர், பதிவேட்டின் எல்லை, நோயாளி மீண்டும் மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பு ஆகிய மூன்றும் உயிரியல் காரணிகளுக்கு நிகராகச் சிகிச்சை விளைவைத் தீர்மானிப்பவை என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: கருப்பை அகப்படலம், முன்கணிப்புக் காரணி, படிநிலை, அடையாறு புற்றுநோய் நிறுவனம், புற்றுநோய்ப் பதிவகம், தாம்பரம், மருத்துவ வரலாறு.

முன்னுரை

தமிழகத்தில் பெண்களின் புற்றுநோய் வரலாறு பெரும்பாலும் கருப்பை வாய்ப் புற்றுநோயின் வரலாறாகவும் மார்பகப் புற்றுநோயின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. இதற்குக் காரணம் உண்டு. சென்னைப் பதிவகம் 1980களின் தொடக்கத்தில் பணியைத் தொடங்கியபோது பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோயே முதலிடம் பெற்றிருந்தது. பின்னர் அது படிப்படியாகக் குறைந்தது. மார்பகப் புற்றுநோய் முதலிடத்திற்கு வந்தது. இவ்விரு போக்குகளுக்கும் இடையில் கருப்பையின் உட்சுவரான அகப்படலத்தில் தோன்றும் புற்றுநோய் மெல்ல மெல்ல உயர்ந்துவருவதையும் பதிவுகள் காட்டுகின்றன. எண்ணிக்கையில் இது இன்றும் முன்னிரு நோய்களை விடக் குறைவு. ஆதலால் ஆய்வாளர் கவனம் இதன்மேல் போதிய அளவு விழவில்லை.

இந்நோயின் தன்மை வரலாற்றாய்வுக்கு உகந்தது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு மீண்டும் உதிரப்போக்கு ஏற்படுவது இதன் முதன்மை அறிகுறி. நோய் கருப்பைக்குள் அடங்கியிருக்கும்போதே அறிகுறி வெளிப்பட்டுவிடுவதால், அதனைப் பொருட்படுத்தி உடனே மருத்துவரை நாடும் பெண்களுள் பெரும்பாலோர் அறுவை மருத்துவத்தால் குணமடைகின்றனர். எனவே அறிகுறிக்கும் சிகிச்சைக்கும் இடைப்பட்ட காலத்தில் என்ன நிகழ்கிறது என்பது மருத்துவ வினாவாக மட்டும் நின்றுவிடாமல் சமூக வரலாற்று வினாவாகவும் ஆகிறது.

சொல்லும் நோயும்

தமிழில் 'பெரும்பாடு' என்னும் பழஞ்சொல் அளவு மிகுந்த உதிரப்போக்கைக் குறிக்கிறது. இது அறிகுறியின் பெயர். நோய் தோன்றும் இடத்தின் பெயரன்று. உறுப்பை அடிப்படையாகக் கொண்டு நோயைப் பெயரிடும் முறை மேலை மருத்துவத்தோடு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஷ் கிறீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தது இம்மாற்றத்தின் முக்கியக் கட்டமாகும். தமிழகத்தில் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நிலைபெற்றமையால் உறுப்புசார் கலைச்சொற்கள் பேச்சுவழக்கில் முழுமையாக வேரூன்றவில்லை.

இதன் விளைவை இன்றும் காணலாம். பேச்சுவழக்கில் 'கர்ப்பப்பைப் புற்றுநோய்' அல்லது 'கர்ப்பப்பை கேன்சர்' என்னும் ஒரே தொடர் கருப்பை வாயில் தோன்றும் நோயையும் கருப்பை உடலில் தோன்றும் நோயையும் சேர்த்துச் சுட்டுகிறது. மருத்துவத்தில் இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். முதலாவது பெரும்பாலும் மனிதப் பாப்பிலோமா வைரஸ் தொற்றினால் வருவது. இரண்டாவது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பின் மிகுதியோடும் உடற்பருமனோடும் நீரிழிவோடும் தொடர்புடையது. முதலாவதற்குப் பொதுமக்கள் அளவிலான முன்னறி பரிசோதனை உண்டு. இரண்டாவதற்கு அத்தகைய பரிசோதனை இல்லை. அறிகுறியை உணர்ந்து, நுண்ணொலி வரைவும் திசுச்சோதனையும் செய்வதே வழி.

தமிழ்நாட்டில் 2007 இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் விரிந்த அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் கருப்பை வாயின்மேல் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் நோக்கும் முறை பின்பற்றப்பட்டது. பல்லாயிரம் பெண்களைச் சென்றடைந்த பயனுள்ள திட்டம் இது. எனினும் இச்சோதனையில் குறையில்லை என அறிந்த ஒருத்தி, தனக்குக் 'கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை' என்று எண்ணிக்கொள்ள மொழியே இடமளிக்கிறது. சில ஆண்டுகள் கழித்து உதிரப்போக்கு ஏற்படும்போது அந்நம்பிக்கை காலத்தாழ்வுக்குக் காரணமாகக்கூடும். கலைச்சொல் தெளிவு இங்கு மொழித்தூய்மை பற்றிய வினா அன்று. உயிர் பற்றிய வினா.

பெயர்க் குழப்பம் பேச்சுவழக்கோடு நிற்பதில்லை. 1979 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய்ப் பகுப்பின் ஒன்பதாம் திருத்தத்தில் கருப்பை வாய்க்கு 180, கருப்பை உடலுக்கு 182, பகுதி குறிப்பிடப்படாத கருப்பைக்கு 179 என எண்கள் வழங்கப்பட்டன. பத்தாம் திருத்தத்தில் இவை முறையே சி53, சி54, சி55 ஆயின. 'பகுதி குறிப்பிடப்படாதது' என்னும் வகை எத்துணைப் பெரிதாக உள்ளதோ அத்துணை அளவு மற்ற இரண்டின் எண்ணிக்கையும் ஐயத்திற்குரியதாகிறது. எனவே கருப்பை உடற்புற்றுநோயின் பழைய எண்ணிக்கைகளைப் பயன்படுத்தும் வரலாற்றாய்வாளர் இம்மூன்று எண்களையும் ஒருங்கே நோக்குவது இன்றியமையாதது.

அடையாறும் தாம்பரமும்: நிறுவனப் பின்புலம்

சென்னையில் கதிரியலுக்கெனத் தனி நிறுவனம் 1934 இல் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிறுவனமாக உருவாயிற்று. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் கோரிக்கையை முன்னெடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886-1968). 1923 இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தமை அவருடைய இம்முயற்சிக்கு அடிப்படையாயிற்று. 1917 இல் அடையாறில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டப்பட்டது. 1952 அக்டோபரில் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் 1955 இல் இணைந்த டாக்டர் வி. சாந்தாவும் (1927-2021) இதனை வளர்த்தெடுத்தனர். 1950களின் இறுதிக்குள் கோபால்ட்-60 தொலைக்கதிர்க் கருவி இங்கு நிறுவப்பட்டது. 1975 இல் இது மண்டலப் புற்றுநோய் மையமாக ஏற்கப்பட்டது.

பெண்கள் இயக்கத்திலிருந்து பிறந்த புற்றுநோய் மருத்துவமனை என்பது நோக்கத்தக்கது. எனினும் அம்மருத்துவமனை எதிர்கொண்ட பெண்ணோய்ச் சுமை முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோயாகவே இருந்தது. அதற்குக் கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை. அகப்படலப் புற்றுநோய்க்கோ அறுவையே முதன்மைச் சிகிச்சை. ஆகவே தென்சென்னையின் புற்றுநோய்க் கட்டமைப்பு ஒரு நோயின் தேவையையொட்டி அமைந்தது. மற்றொரு நோய் அக்கட்டமைப்புக்குள் பின்னர் இடம்பெற்றது.

தாம்பரத்தின் மருத்துவ வரலாறு வேறு நோயிலிருந்து தொடங்குகிறது. டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து 1928 இல் இங்குக் காசநோய்ச் சானடோரியத்தை நிறுவினார். அது பின்னர் அரசுடைமையாகியது. நகரின் நெரிசலுக்கு அப்பால் தூய காற்றுள்ள இடம் என்பதே தாம்பரம் தேர்வு பெற்றதற்குக் காரணம். 1931 இல் கடற்கரை-தாம்பரம் மின்சார இரயில் ஓடத் தொடங்கியபின் இப்பகுதி நகரோடு அன்றாடத் தொடர்பு கொண்ட புறநகராயிற்று. எனினும் ஆட்சியெல்லையில் அது சென்னையோடு சேரவில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் ஆகியன செங்கல்பட்டு மாவட்டத்திலும் பின்னர்க் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இருந்தன. 2019 இல் செங்கல்பட்டு மீண்டும் தனிமாவட்டமாயிற்று. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது.

'தொடக்கநிலை': நான்கு வரையறைகள்

பன்னாட்டு மகப்பேறு மற்றும் பெண்ணோயியல் கூட்டமைப்பு 1971 இல் வகுத்த படிநிலை, அறுவைக்கு முன் மருத்துவர் செய்யும் பரிசோதனையை அடிப்படையாகக் கொண்டது. நோய் கருப்பை உடலில் அடங்கியிருந்தால் முதற்படிநிலை. கருப்பைக் குழியின் நீளம் 8 செ.மீ. வரை இருந்தால் முதற்பிரிவு, அதற்கு மேல் இருந்தால் இரண்டாம் பிரிவு. இதனோடு திசுவின் தரம் மூன்று அளவாகக் குறிக்கப்பட்டது. இம்முறையின் வலிமை எளிமை: அளவுகோலும் நுண்ணோக்கியும் இருந்தால் போதும். இதன் குறையும் அதுவே. தசைநார்க் கட்டியால் குழி நீண்டிருந்தாலும் நோய் கூடுதலாக மதிப்பிடப்படும்.

இக்குறையை வெளிப்படுத்தியது அமெரிக்கப் பெண்ணோய்ப் புற்றியல் குழுவினர் 1987 இல் வெளியிட்ட ஆய்வு. மருத்துவப் பரிசோதனையில் முதற்படிநிலை எனக் கருதப்பட்ட 621 பெண்களுக்கு அறுவை செய்து திசுக்களை ஆராய்ந்தபோது, ஐந்தில் ஒருவருக்கு மேல் நோய் கருப்பைக்கு வெளியே பரவியிருந்தது தெரியவந்தது. திசுத்தரம், தசைப்படலத்துள் நோய் ஊடுருவிய ஆழம், நிணநீர்க்கணுப் பரவல் ஆகியன ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதும் நிறுவப்பட்டது. இதன் விளைவாக 1988 இல் படிநிலை அறுவைக்குப் பின் தீர்மானிக்கப்படுவதாயிற்று. அகப்படலத்தோடு நின்றது, தசைப்படலத்தின் பாதிக்குள் ஊடுருவியது, பாதியைக் கடந்தது என முதற்படிநிலை மூன்றாகப் பிரிந்தது. 2009 இல் முதலிரண்டும் ஒன்றாக்கப்பட்டன. தசைப்படலத்தின் பாதி என்பதே எல்லைக்கோடாக நின்றது.

இதற்கிடையில் 1983 இல் லெனின்கிராடைச் சேர்ந்த போக்மன், இந்நோய் இருவகைத் தோற்றம் உடையது என்னும் கருத்தை முன்வைத்தார். முதல் வகை ஈஸ்ட்ரோஜன் மிகுதி, உடற்பருமன், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு தொடர்புடையது, மெல்ல வளர்வது, நல்விளைவு தருவது. இரண்டாம் வகை இவற்றோடு தொடர்பற்றது, விரைந்து பரவுவது. 1975 இல் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனித்து அளிக்கப்பட்டமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருந்தன. போக்மனின் கருத்து அதற்குப் பொருந்திவந்தது. சென்னை போன்ற நகரங்களில் நீரிழிவும் உடற்பருமனும் பெருகிய வரலாற்றோடு இந்நோயின் உயர்வைச் சேர்த்துக் காண இக்கருத்து துணைசெய்கிறது.

2013 இல் புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடத் திட்டத்தினர் 373 கட்டிகளை ஆராய்ந்து நான்கு மூலக்கூற்று வகைகளைக் கண்டனர். போல்-ஈ மரபணு மாற்றம் உடைய கட்டிகள் நுண்ணோக்கியில் கடுந்தரமாகத் தோன்றினாலும் மிக நல்ல விளைவைத் தந்தன. பி53 புரதப் பிறழ்வு கொண்டவை தொடக்கநிலையிலும் தீய விளைவை முன்னறிவித்தன. 2023 இல் வந்த படிநிலை, இச்சோதனை முடிவுகள் கிடைக்குமிடத்தில் அவற்றைப் படிநிலைக் குறியீட்டோடு சேர்க்க வழிசெய்தது. இதன்படி, ஊடுருவலில் ஒத்த இரு பெண்களுள் ஒருவர் முதற்படிநிலையிலும் மற்றவர் இரண்டாம் படிநிலையிலும் வைக்கப்படலாம்.

இந்நான்கு வரையறைகளையும் வரிசைப்படுத்திப் பார்க்கையில் ஒரு போக்கு புலனாகிறது. முன்கணிப்புக் காரணி மருத்துவரின் கையிலிருந்து அறுவை அரங்கிற்கும், அங்கிருந்து நோயியல் ஆய்வகத்திற்கும், பின்னர் மரபணு ஆய்வகத்திற்கும் நகர்ந்துள்ளது. பி53 உள்ளிட்ட புரதங்களைத் திசுச்சாயமேற்றும் முறையிலேயே காணலாம். போல்-ஈ மாற்றத்தை அறிய மரபணுவரிசைச் சோதனை தேவை. ஒவ்வொரு நகர்வும் துல்லியத்தைக் கூட்டியது; கூடவே அத்துல்லியத்தைப் பெறும் வசதியுடையோர்க்கும் பெறாதோர்க்கும் இடையிலான தொலைவையும் கூட்டியது.

சிகிச்சை: கூட்டலிலிருந்து கழித்தலுக்கு

1930களில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஹேமன் கருப்பைக்குள் ரேடியக் குழாய்களைச் செறித்து வைக்கும் முறையை வளர்த்தார். பின்னர்க் கருப்பையையும் கருமுட்டைப்பைகளையும் அகற்றும் அறுவை அடிப்படைச் சிகிச்சையாக நிலைபெற்றது, கதிர்வீச்சு துணைச்சிகிச்சையாயிற்று. அறுவைக்குப் பின் யாருக்குக் கதிர்வீச்சு வேண்டும் என்பதே அதன்பின் எழுந்த மையவினா.

1980 இல் நார்வே ரேடியம் மருத்துவமனையிலிருந்து ஆல்டர்சும் பிறரும் 540 பெண்களைக் கொண்ட ஆய்வை வெளியிட்டனர். யோனிவழிக் கதிர்வீச்சோடு இடுப்புப்பகுதிக்கு வெளிக்கதிரும் சேர்த்தபோது அப்பகுதிகளில் நோய் மீள்வது 6.9 விழுக்காட்டிலிருந்து 1.9 விழுக்காடாகக் குறைந்தது; ஆனால் மொத்த வாழ்நாள் கூடவில்லை. 2000 இல் வெளியான நெதர்லாந்தின் போர்டெக் முதல் ஆய்வு 714 பெண்களின் தரவை ஆராய்ந்தது. அறுவைக்குப் பின் வெளிக்கதிர் பெற்றோரிடம் ஐந்தாண்டில் இடுப்புப்பகுதி மீள்நோய் 4 விழுக்காடு. பெறாதோரிடம் 14 விழுக்காடு. வாழ்ந்திருப்போர் விழுக்காடு முறையே 81, 85. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. 2010 இல் வந்த இரண்டாம் போர்டெக் ஆய்வு 427 பெண்களிடையே, யோனிவழி அண்மைக்கதிர் மட்டும் அளித்தாலும் யோனிப்பகுதி மீள்நோய் வெளிக்கதிருக்கு நிகராகவே கட்டுப்படும் என்று காட்டியது (1.8, 1.6 விழுக்காடு). குடல் சார்ந்த பக்கவிளைவுகளும் குறைந்தன. நிணநீர்க்கணுக்களை முறையாக அகற்றுவதால் வாழ்நாள் கூடுகிறதா என வினவிய இத்தாலிய ஆய்வும் (2008, 514 பெண்கள்) பிரித்தானியத் தலைமையிலான ஆஸ்டெக் ஆய்வும் (2009, 1,408 பெண்கள்) கூடவில்லை என்றே முடிவுகூறின.

ஆக, கடந்த அரை நூற்றாண்டில் தொடக்கநிலைச் சிகிச்சையின் வரலாறு சிகிச்சையைக் கூட்டுவதிலிருந்து தேவையற்றதைக் கழிப்பதை நோக்கி நகர்ந்த வரலாறாகும். இக்கழித்தலுக்கு ஓர் உள்ளார்ந்த நிபந்தனை உண்டு. போர்டெக் முதல் ஆய்வில் கதிர்வீச்சு பெறாதோரிடம் மீள்நோய் மிகுந்தும் வாழ்நாள் குறையாமைக்கு முக்கியக் காரணம், யோனிப்பகுதியில் மீண்ட நோய் உரிய காலத்தில் கண்டறியப்பட்டு மறுசிகிச்சையால் பெரும்பாலும் குணமானதே. அதாவது, சிகிச்சையைக் குறைக்கலாம் என்னும் முடிவு, நோயாளி சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் வருவார் என்னும் எதிர்பார்ப்பின்மேல் நிற்கிறது. நெதர்லாந்தில் அவ்வெதிர்பார்ப்பு இயல்பானது. பிற இடங்களில் அதனை அப்படியே ஏற்க இயலாது; ஆராய்ந்தே ஏற்க வேண்டும்.

பதிவேட்டின் எல்லையும் தாம்பரத்துப் பெண்ணும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981 இறுதியில் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் மக்கள்தொகை சார்ந்த பதிவகங்கள் அமைந்தன. சென்னைப் பதிவகம் அடையாறு நிறுவனத்தில் இயங்கியது. இந்தியாவில் இறப்புச் சான்றிதழில் புற்றுநோய் குறிக்கப்படுவது குறைவு. எனவே சென்னைப் பதிவகத்தார் நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று அவர்கள் நிலையை அறிந்து பதிந்தனர். இவ்வுழைப்பின் பயனாகவே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1998 இலும் 2011 இலும் வெளியிட்ட வளரும் நாடுகளின் வாழ்நிலைத் தொகுப்புகளில் சென்னையின் தரவு இடம்பெற்றது.

ஆனால் மக்கள்தொகைப் பதிவகம் என்பது ஓர் எல்லைக்குள் வாழ்வோரை மட்டும் எண்ணுவது. சென்னைப் பதிவகத்தின் எல்லை அன்றைய சென்னை மாநகரம். அடையாறிலிருந்து சிறிது தொலைவே உள்ள தாம்பரம் அவ்வெல்லைக்குப் புறம்பானது. தாம்பரத்துப் பெண் ஒருத்தி மின்சார இரயிலில் வந்து அடையாறில் சிகிச்சை பெற்றால் மருத்துவமனைப் பதிவில் அவள் பெயர் ஏறும். சென்னையின் நோய்நிகழ்வு வீதத்தில் அவள் இடம்பெறமாட்டாள். அவள் வாழ்ந்த மாவட்டத்திற்கோ அக்காலத்தில் தனிப்பதிவகம் இல்லை. தமிழ்நாடு முழுவதையும் தழுவும் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் 2012 ஆம் ஆண்டு நிகழ்வுகளை உள்ளடக்கித் தொடங்கும்வரை, ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகள், இந்நிலை நீடித்தது.

இவ்விடைவெளி வெறும் எண்ணிக்கைக் குறை அன்று. அம்மூன்று பத்தாண்டுகளில்தான் தென்புறநகர் சிற்றூர்த் தொகுதியிலிருந்து நகரமாக மாறியது. உணவு, உடலுழைப்பு, மகப்பேற்று எண்ணிக்கை ஆகியன மாறிய காலமும் அதுவே. அகப்படலப் புற்றுநோயை மிகுவிக்கும் என அறியப்பட்ட காரணிகள் ஒரு வட்டாரத்தில் உருவான காலத்தை ஆராய மிகப் பொருத்தமான இடம், பதிவேட்டின் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்துவிட்டது. எனவே 'சென்னையில் இந்நோய் உயர்ந்தது' என்னும் கூற்று மாநகரின் பழைய எல்லைக்கு மட்டுமே உறுதியாகப் பொருந்தும்.

எண்ணிக்கையைப் பாதிக்கும் மற்றொரு காரணியும் உண்டு. பிற காரணங்களுக்காகக் கருப்பையை அகற்றிக்கொண்ட பெண்களுக்கு இந்நோய் வர வாய்ப்பில்லை. 2015-16 இல் நடந்த நான்காம் தேசியக் குடும்பநல ஆய்வு கருப்பை நீக்கம் குறித்த வினாவை நாடெங்கும் எழுப்பியது. நோய்வீதத்தைக் கணக்கிடுகையில் இப்பெண்களையும் வகுஎண்ணில் சேர்த்தால் உண்மை வீதம் குறைத்துக் காட்டப்படும். அவ்வாறு அகற்றப்பட்ட கருப்பை நோயியல் ஆய்வுக்கு அனுப்பப்படாவிடில், அதிலிருந்த தொடக்கநிலை நோய் எப்பதிவிலும் ஏறாது. அப்பெண்ணுக்குத் தேவையான தொடர்கண்காணிப்பும் அமையாது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, 'தொடக்கநிலை' என்பது இயற்கையில் அப்படியே கிடக்கும் ஒரு நிலையன்று. அது அந்தந்தக் காலத்துக் கருவிகளால் வரையப்பட்ட எல்லை. 1971 இன் முதற்படிநிலையையும் 2023 இன் முதற்படிநிலையையும் ஒன்றெனக் கொண்டு சிகிச்சை விளைவுகளை ஒப்பிடுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். பழைய மருத்துவமனைப் பதிவுகளைப் பயன்படுத்துவோர் எந்த வரையறையின்கீழ் அவை எழுதப்பட்டன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, சிகிச்சையைக் குறைக்கலாம் என்னும் மேலைநாட்டு ஆய்வு முடிவுகள் தொடர்கண்காணிப்பை முன்னிறுத்தியவை. தாம்பரத்திலிருந்து அடையாறுக்கோ செங்கல்பட்டுக்கோ ஒரு பெண் ஆண்டுக்கு எத்தனை முறை வரமுடியும், அவளோடு வருபவர் யார், அந்நாளின் கூலி இழப்பு எவ்வளவு என்பனவும் முன்கணிப்புக் காரணிகளே. இவற்றைப் பதியும் இடம் எந்தப் படிநிலைப் பட்டியலிலும் இல்லை.

மூன்றாவதாக, கருப்பை வாய்ப் புற்றுநோய், கருப்பை அகப்படலப் புற்றுநோய் என்னும் இரு தொடர்களும் மக்கள்வழக்கில் தெளிவாக வேறுபடுத்தப்படல் வேண்டும். இப்பணியில் மருத்துவரோடு தமிழாய்வாளர்க்கும் பங்குண்டு. பள்ளிப் பாடநூல், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரொட்டி, பரிசோதனை முடிவுச்சீட்டு ஆகிய மூன்றிலும் எந்த உறுப்பு சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை என்பது தமிழில் எழுதப்படுதல் அதற்கு முதற்படி. மாதவிடாய் நின்றபின் ஒருமுறை உதிரம் கண்டாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்னும் செய்தியும் அச்சீட்டிலேயே இடம்பெறலாம்.

தாம்பரம் இன்று தனி மாநகராட்சி. அதன் நோய்நிகழ்வுகள் மாநிலப் பதிவேட்டில் ஏறுகின்றன. முந்தைய மூன்று பத்தாண்டுகளின் வரலாற்றை மருத்துவமனைப் பதிவுகள், அறுவைக் குறிப்பேடுகள், நோயியல் ஆய்வக ஏடுகள் ஆகியவற்றிலிருந்து நோயாளியின் முகவரியை அடிப்படையாகக் கொண்டு மீட்டெடுக்க இயலும். அவ்வேடுகள் அழியுமுன் அதனைச் செய்வது மருத்துவ வரலாற்றாய்வாளர் முன்னுள்ள உடனடிப் பணியாகும்.